டி12-இல் மட்டும் மாட்டாதீர்கள்: உறைபனித் தோட்டத்துக்கு ஓர் ஈஎஸ்பி32 போர்டு

நீலகிரியில் நவம்பர் பிறந்தால் முதலில் நீர்ப்பனி, அப்புறம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தலைக்குந்தா, கேத்தி பள்ளத்தாக்கு மாதிரி தாழ்வான இடங்களில், காற்று அசையாத, மேகம் இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது செடியெல்லாம் வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். அதனால்தான் பலர் வெயில் படுவதற்கு முன்பே ஸ்பிரிங்ளர் ஓட்டிப் பனியைக் கழுவிவிடுகிறார்கள். இப்போது இங்கே படித்துவிட்டுத் தோட்டத்தையும் கவனிக்கிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு ஒரே ஆசை: தரையில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது போனுக்குச் செய்தி வர வேண்டும், முடிந்தால் மோட்டாரும் தானாக ஓட வேண்டும். அதற்காக அவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஈஎஸ்பி32 போர்டு, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய சின்னக் கம்ப்யூட்டர் போர்டு.

நல்ல தேர்வுதான். சில நூறு ரூபாய்க்கு வைஃபை, புளூடூத், நிறையப் பின்கள், தாராளமான நினைவகம் என்று இவ்வளவும் ஒன்றாகக் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் முதல் வாரத்திலேயே பலர் மனம் விட்டுப்போகிறார்கள். புரோகிராம் சரியாக இருக்கும், வயரிங்கும் சரியாக இருக்கும், போர்டு மட்டும் வேலை செய்யாது. பல நேரம் குறை அவர்களுடையது இல்லை, இந்தப் போர்டுக்கென்று சில பிறவிக் குணங்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும்.

போர்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் ஒன்றாகப் பார்க்கும் பொருளுக்குள் மூன்று பொருட்கள் இருக்கின்றன. வெள்ளி நிறத் தகர மூடி போட்ட சின்னச் சதுரம்தான் மாடியூல், பெரும்பாலும் மேலே ஈஎஸ்பி32-வ்ரூம்-32 என்று எழுதியிருக்கும். அந்த மூடிக்குள் இருப்பது சிப், அதோடு தனியாக ஒரு பிளாஷ் நினைவகம், துல்லியமான நேரத் துடிப்பு தரும் ஒரு கிரிஸ்டல். மாடியூலைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம், அதாவது யூஎஸ்பி சாக்கெட், இரண்டு பட்டன், சிவப்பு விளக்கு, மூன்று கால் ரெகுலேட்டர், இரு பக்கமும் வரிசையாகப் பின்கள், இதுதான் போர்டு. சிப்பைச் செய்வது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் என்ற ஒரே நிறுவனம், 2016-இல் வெளியிட்டார்கள். போர்டைச் செய்பவர்களோ எத்தனையோ பேர். ஆகவே சிப்பின் குணம் எங்கே வாங்கினாலும் மாறாது, போர்டின் குணம் கடைக்குக் கடை மாறும். ஏதாவது கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது சிப்பின் குணமா, மாடியூலின் குணமா, போர்டின் குணமா என்பதுதான். இதை மட்டும் பழகிக்கொண்டால் பாதி வழி தாண்டிவிட்டீர்கள்.

சிப்பைப் பற்றிச் சுருக்கமாக: 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர், 520 கிலோபைட் ரேம், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, புளூடூத் 4.2. நீங்கள் எழுதும் புரோகிராம் சிப்புக்குள் தங்குவதில்லை, மாடியூலில் இருக்கும் 4 மெகாபைட் பிளாஷில்தான் தங்குகிறது. இந்த ஒரு தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். இன்னொன்று, இதே குடும்பத்தில் எஸ்2, எஸ்3, சி3 என்று பிறகு வந்தவை இருக்கின்றன, அவற்றில் பின் எண்களும் குணங்களும் வேறு. நான் சொல்வது முழுக்க முதலில் வந்த ஈஎஸ்பி32 பற்றி.

மின்சாரத்திலிருந்து ஆரம்பிப்போம்

இந்தச் சிப் 3.3 வோல்ட் ஆள். ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டில் பழகியவர்களுக்கு 5 வோல்ட் கை வழக்கமாக இருக்கும், அதை இங்கே விட்டுவிட வேண்டும். எந்தப் பின்னிலும் 5 வோல்ட் நேராக வரக் கூடாது. தண்ணீர்த் தொட்டி அளவு பார்க்க வாங்கும் அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் ஓடினால் அதன் எக்கோ பின்னும் 5 வோல்ட்தான் தரும், அதனால் நடுவில் 1 கிலோஓமும் 2 கிலோஓமும் போட்டு வோல்டேஜைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு முறை 5 வோல்ட் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உடனே செத்துப்போகாமல் இருக்கலாம், ஆனால் அதை நம்பித் தோட்டத்தில் வைக்க முடியாது.

யூஎஸ்பியில் 5 வோல்ட் வருகிறது, சிப்புக்கு 3.3 போதும், இடையில் இறக்கிக் கொடுப்பது போர்டில் உள்ள ரெகுலேட்டர். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117. இது ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 5-க்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 18650 மாதிரி லித்தியம் பேட்டரியை நேராக விஐஎன் என்ற 5 வோல்ட் பின்னில் கொடுத்தால், முழு சார்ஜில்கூட 4.2 வோல்ட்தான், கழித்துப் பார்த்தால் 3.1-ஐச் சுற்றித்தான் மிஞ்சும். சும்மா இருக்கும்போது ஓடுவது போலத் தெரியும், வைஃபை எழுந்ததும் விழுந்துவிடும்.

ஏன் வைஃபை எழுந்தால் மட்டும்? ரேடியோ அனுப்பும் அந்த நொடித்துளியில் சிப் சுமார் 240 மில்லியாம்ப் வரை இழுக்கும், அதனால் குறைந்தது 500 மில்லியாம்ப் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிள், பழைய போன் சார்ஜர், இதில் எது இருந்தாலும் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும், சிப்புக்குள் இருக்கும் காவல் சுற்று அதைப் பார்த்து போர்டை ரீஸ்டார்ட் செய்துவிடும். போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிகர்டு" என்று திரும்பத் திரும்ப வந்தால் புரோகிராமைத் தொடாதீர்கள், கேபிளை மாற்றுங்கள், சார்ஜரை மாற்றுங்கள், அப்புறமும் வந்தால் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். அந்தச் செய்தியை வரவிடாமல் அடக்க ஒரு வரி புரோகிராம் இணையத்தில் சுற்றுகிறது, தயவுசெய்து அதைப் போடாதீர்கள். வோல்டேஜ் குறைந்த நிலையில் சிப் ஓடினால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதன் கையில் உங்கள் மோட்டார் இருக்கிறது.

யூஎஸ்பியையும் 5 வோல்ட் பின்னையும் ஒரே நேரத்தில் இரண்டு சப்ளைகளோடு இணைக்காதீர்கள், ஒன்று இருந்தால் இன்னொன்று கூடாது.

புரோகிராம் ஏற்றும்போது "கனெக்டிங்" என்று புள்ளிகளாக ஓடிக்கொண்டே நின்றுபோகிறதா? முதலில் கேபிள் வெறும் சார்ஜ் கேபிளா என்று பாருங்கள், டேட்டா கம்பி இல்லாத கேபிள்கள் வீட்டுக்கு இரண்டு இருக்கும். அடுத்து கம்ப்யூட்டரில் போடும் டிரைவர், உங்கள் போர்டில் உள்ள யூஎஸ்பி சிப் சிபி2102-ஆ சிஎச்340-ஆ என்று அதன் மேல் எழுத்தைப் பார்த்து அதற்கானதைப் போடுங்கள். அதுவும் சரி என்றால் புள்ளிகள் ஓடும்போது பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், ஏற ஆரம்பித்ததும் விடுங்கள். கம்ப்யூட்டரே அந்தப் பட்டனை அழுத்துகிற மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர் போர்டில் இருக்கும், ஆனால் சில போர்டுகளில் அதன் நேரம் சரியாக அமைவதில்லை. ரீசெட்டுக்கான இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது போர்டின் குணம், சிப்பின் குணம் இல்லை.

பின்கள் எல்லாம் சமம் இல்லை

இனிதான் முக்கியமான இடம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணா, மத்தியானம் எல்லாம் நல்லா ஓடுச்சு. ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு, அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல. சென்சாரைப் பிடுங்கினா எழுந்திருக்குது. சென்சார்தான் கெட்டுப்போச்சா?" அவர் மாட்டியிருந்தது டிஎஸ்18பி20, நீளமான வயரும் ஸ்டீல் முனையும் கொண்ட டிஜிட்டல் வெப்பமானி. மாட்டிய இடம் டி12, அதாவது போர்டில் அப்படி அச்சிட்டிருக்கும் 12 எண் பின். சென்சாரும் நல்ல சென்சார், போர்டும் நல்ல போர்டு, புரோகிராமிலும் தப்பில்லை.

நடந்தது என்னவென்றால், சிப்புக்கு மின்சாரம் வந்ததும் அது வேறு எதையும் செய்வதற்கு முன் 0, 2, 5, 12, 15 என்ற ஐந்து பின்களை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றிலும் வோல்டேஜ் இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. பள்ளியில் காலையில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான், அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு, பிறகு எப்படி இருந்தாலும் கேள்வி இல்லை. இதில் 12 எண் பின்னுக்கு உள்ள வேலை, பிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா 1.8 வோல்ட் கொடுப்பதா என்று முடிவு செய்வது. வோல்டேஜ் இல்லையென்றால் 3.3, இருந்தால் 1.8. நம் மாடியூலில் உள்ள பிளாஷ் 3.3-க்கானது. சிப் தன் பங்குக்கு அந்தப் பின்னைச் சுமார் 45 கிலோஓம் வழியாகக் கீழே, அதாவது பூஜ்ய வோல்ட்டை நோக்கி, இழுத்து வைத்திருக்கிறது. ஆனால் டிஎஸ்18பி20-க்கு டேட்டா வயரை 4.7 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டை நோக்கி மேலே இழுத்தாக வேண்டும். ஓம் குறைந்தால் இழுப்பு பலம்; 4.7 எங்கே, 45 எங்கே, மேலே இழுப்பதுதான் ஜெயிக்கும். பிளாஷுக்கு 1.8 வோல்ட் போகும், புரோகிராம் இருப்பதே அந்தப் பிளாஷில்தான், படிக்க முடியாமல் "பிளாஷ் ரீட் எர்ர், 1000" என்று சொல்லிக்கொண்டே சிப் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும். மத்தியானம் ஓடியதற்குக் காரணம், அவர் போர்டுக்கு யூஎஸ்பி மாட்டிய பிறகு சென்சாரைச் செருகியது. அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே முடிந்துவிட்டது. மலையில் கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம், அதனால் இந்தக் கோளாறு நாம் தூங்கும் நேரத்தில்தான் வரும்.

சென்சாரை டி4-க்கு மாற்றினார், முடிந்தது. பிளாஷ் வோல்டேஜை 3.3 என்றே நிரந்தரமாக எரித்து வைக்க ஒரு வழி உண்டு, ஈஃப்யூஸ் என்பார்கள். ஆனால் அது ஒரு தடவை எரித்தால் மாற்ற முடியாதது, பின்னை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. முதல் போர்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மற்ற நான்கும் இவ்வளவு மோசம் இல்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். 0 கீழே இழுக்கப்பட்டிருந்தால் சிப் புரோகிராம் ஏற்றும் நிலைக்குப் போய்க் காத்துக்கொண்டிருக்கும், நம் புரோகிராம் ஓடாது, பூட் பட்டன் செய்வதும் இதைத்தான். 2 மேலே இழுக்கப்பட்டிருந்தால் புரோகிராம் ஏற்ற முடியாது, பல போர்டுகளில் நீல விளக்கும் இதில்தான் இருக்கும். 15 கீழே இருந்தால் துவக்கச் செய்திகள் சீரியலில் வராது, கோளாறு தேடும் நேரத்தில் இது பெரிய இழப்பு. 5-ஐப் பற்றிச் சாதாரண வேலைக்குக் கவலையில்லை.

6 முதல் 11 வரை உள்ள பின்கள் பிளாஷோடு பேசுவதற்காகவே இருக்கின்றன. 30 பின் போர்டுகளில் அவை வெளியே வருவதில்லை, 38 பின் போர்டுகளில் வந்திருக்கும், எஸ்டி0, எஸ்டி1, சிஎம்டி, சிஎல்கே மாதிரிப் பெயர்களோடு. தொடவே தொடாதீர்கள். 1-உம் 3-உம் யூஎஸ்பி வழியாகப் பேசுவதற்கானவை, அவற்றையும் விட்டுவிடுங்கள். 34, 35, 36, 39 நான்கும் உள்ளே வாங்க மட்டும்தான், வெளியே எதுவும் அனுப்ப முடியாது, உள்ளுக்குள்ளேயே மேலே இழுக்கும் வசதியும் (புல்-அப்) கிடையாது. 36-ஐ விபி என்றும் 39-ஐ விஎன் என்றும் அச்சிட்டிருப்பார்கள். டிஎஸ்18பி20-ஐ இங்கே மாட்டினாலும் வேலை செய்யாது, ஏனென்றால் அந்தச் சென்சாரோடு ஒரே வயரில் கேட்கவும் வேண்டும் பேசவும் வேண்டும்.

அப்படியானால் மீதி என்ன? 4, 13, 16, 17, 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33. இவற்றோடு ஆரம்பித்தால் தொல்லை வராது. மாடியூல் வ்ரூம் இல்லாமல் ரோவர் என்று இருந்தால் மட்டும் 16, 17-ஐயும் கழித்துவிடுங்கள், கூடுதல் நினைவகம் அவற்றை எடுத்துக்கொள்கிறது. 14-ஐ வேண்டுமென்றேதான் விட்டேன், காரணம் ரிலேவிடம் வரும்போது சொல்கிறேன்.

வைஃபை வந்தால் ஓடிப்போகும் ஏடிசி

மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்றையும் சேர்க்க நினைப்பீர்கள். அது தருவது வோல்டேஜ், அதை எண்ணாக்குவது ஏடிசி. இந்தச் சிப்பில் ஏடிசி இரண்டு. முதலாவது 32 முதல் 39 வரையிலான பின்களைப் பார்க்கிறது. இரண்டாவது 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரை. இரண்டாவதை வைஃபையும் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது, அதனால் வைஃபை ஓடும்போது நமக்குக் கிடைக்காது. ஆரம்பத்தில் சீரியல் மானிட்டரில் வைத்துச் சோதிக்கும்போது டி25-இல் அழகாக எண் வரும், பிறகு போனுக்கு அனுப்ப வைஃபையைச் சேர்த்ததும் எண் உளறும். உடனே எல்லோரும் வைஃபை வரிகளில்தான் தப்பைத் தேடுவார்கள். வயரை 34-க்கோ 35-க்கோ 32-க்கோ மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 0 முதல் 4095 வரை வரும் என்பது உண்மை, ஆனால் அது நேர்கோடு இல்லை. மிகக் குறைந்த வோல்டேஜில் பூஜ்யமாகவே நிற்கும், 3.1-ஐத் தாண்டினால் 4095-இல் ஒட்டிக்கொள்ளும். நம்பத் தகுந்த பகுதி 0.15 வோல்ட்டிலிருந்து 2.45 வரை. உள்ளே ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் 1.1 வோல்ட்டும் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். அதனால் ஒரே சென்சாரை இரண்டு போர்டில் மாட்டினால் இரண்டு எண் வருவது இயல்பு. தொழிற்சாலையில் அளந்து சிப்பிலேயே எழுதி வைத்திருக்கும் திருத்தத்தைப் பயன்படுத்தி மில்லிவோல்ட்டாகவே தரும் "அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ்" என்ற ஃபங்ஷன் புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் இருக்கிறது, சாதாரண "அனலாக்ரீட்"டுக்குப் பதில் அதைப் பழகுங்கள். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் நாலைந்து தடவை படித்து சராசரி. காய்ந்த மண்ணுக்கு எவ்வளவு, நனைந்த மண்ணுக்கு எவ்வளவு என்பதை உங்கள் போர்டில், உங்கள் தோட்டத்து மண்ணில் வைத்தே குறித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் எண்ணை எடுத்துப் போட்டால் பொருந்தாது.

உறைபனிக்கு நான் ஏடிசி வழி வெப்பமானியைப் பரிந்துரைப்பதே இல்லை. நமக்கு வேண்டியது பூஜ்யத்துக்கும் 2 டிகிரிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். அதை இந்த ஏடிசியிடம் கேட்பதைவிட டிஎஸ்18பி20 மாதிரி தானே எண்ணாகச் சொல்லும் சென்சாரிடம் கேட்பது மேல், அது மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சொல்லும்.

மோட்டார் பக்கம் போனால், ரிலே, அதாவது பின்னின் சொல்படி மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச், எந்தப் பின்னில் என்பது முக்கியம். சிப் எழும் நேரத்தில் நம் புரோகிராம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, ஆனால் 5, 14, 15 பின்கள் உள்ளுக்குள்ளேயே மேலே இழுக்கப்படுகின்றன. மேலே போனால் இயங்கும் வகை ரிலே அதில் இருந்தால், கரண்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு "டிக்" கேட்கலாம், மோட்டார் ஒரு கணம் உதறலாம். 25, 26, 27, 33 இவற்றில் ஒன்றில் வைத்து, 10 கிலோஓமை அதற்கும் கிரவுண்டுக்கும் இடையில் போடுங்கள். சின்ன நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி பம்பு மோட்டாரை நேராக இணைக்காதீர்கள். மோட்டார் துவங்கும்போது இழுக்கும் கரண்ட் பல மடங்கு, அதற்குக் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் இருக்கிறது, அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

தூங்கச் சொன்னாலும் தூங்காத போர்டு

தோட்டத்தில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் பேட்டரி, பேட்டரி என்றால் டீப் ஸ்லீப், அதாவது வேலை இல்லாத நேரத்தில் சிப்பை ஆழ்ந்து தூங்கவைப்பது. டைமர் மட்டும் ஓடும் டீப் ஸ்லீப்பில் சிப் எடுப்பது 10 மைக்ரோஆம்ப் அளவு. இதைப் படித்துவிட்டு ஒரு பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடும் என்று நினைத்தால், பத்து நாளில் நின்றுவிடும். சிப் தூங்கிவிட்டது, போர்டு தூங்கவில்லை. ஏஎம்எஸ்1117 தன் பிழைப்புக்கே 5 மில்லியாம்ப் போல எடுக்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யூஎஸ்பி சிப்பும் விழித்திருக்கும். எல்லாம் சேர்ந்து 10 மில்லியாம்ப் என்று வைத்தால் 2500 மில்லியாம்ப்-அவர் பேட்டரி 250 மணி நேரம்தான் வரும். விளக்கை எடுத்துவிடலாம், ஆனால் உண்மையான தீர்வு பேட்டரிக்கென்றே செய்த, குறைந்த கரண்ட் ரெகுலேட்டர் உள்ள போர்டை வாங்குவது. பழகுவதற்கு ஒரு போர்டு, தோட்டத்தில் வைக்க ஒரு போர்டு என்று பிரித்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

டீப் ஸ்லீப்பிலிருந்து எழுவது என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது இல்லை, புரோகிராம் முதலிலிருந்து ஓடும். ஞாபகம் இருக்க வேண்டிய எண்களை தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வையுங்கள், 8 கிலோபைட் இருக்கிறது, மின்சாரம் இருக்கும்வரை நிற்கும். தூக்கத்தில் நேரம் பார்ப்பது சிப்புக்குள் இருக்கும் 150 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், அது கிரிஸ்டல் இல்லை, குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ப நகரும். மேஜை மேல் சரியாக எழுந்த போர்டு, ஜனவரி இரவில் சில நிமிடம் முன்னே பின்னே எழலாம். வைஃபை கிடைக்கும்போதெல்லாம் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

சோலார் பேனல் வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும், ஆபத்தும்கூட. சாதாரணமாகக் கிடைக்கும் டிபி4056 சார்ஜிங் போர்டில் வெப்பநிலை பார்க்கும் வசதியை இணைக்காமலே விட்டிருப்பார்கள், அது குளிரைப் பார்த்துக்கொண்டு சார்ஜ் செய்வதில்லை. உறைபனி விழுந்த காலையில் பேனலில் முதல் வெயில் படும்போது பெட்டிக்குள் பேட்டரி இன்னும் ஜில்லென்றுதான் இருக்கும். சமவெளியில் எழுதப்படும் குறிப்புகளில் இந்த எச்சரிக்கை இருக்காது, அங்கே அதற்குத் தேவையும் இல்லை. பேட்டரியை வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ வைத்து வயரை மட்டும் வெளியே கொண்டுபோவது நல்லது, இல்லையென்றால் பேட்டரியின் வெப்பநிலையையும் இன்னொரு சென்சாரால் பார்த்து, 5 டிகிரி தாண்டிய பிறகே சார்ஜரை இணைக்கச் செய்யுங்கள்.

பெட்டி, ஆன்டெனா, ஈரம்

மாடியூலின் ஒரு முனையில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதைச் சுற்றி உலோகம் கூடாது, பேட்டரியை அதன் அடியில் வைக்கக் கூடாது, தகர டப்பாவில் வைத்தால் சிக்னல் வெளியே வராது. பிளாஸ்டிக் பெட்டியில், ஆன்டெனா முனை பெட்டியின் சுவரைப் பார்த்து, ரூட்டர் இருக்கும் திசைக்குத் திரும்பி இருக்கட்டும். மூடுபனி வந்தால் வைஃபை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், மூடுபனி 2.4 கிகாஹெர்ட்ஸை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. மறைப்பது நடுவில் இருக்கும் மேடு, அப்புறம் நனைந்த இலை. தேயிலைச் செடி உயரத்துக்குள் போர்டை வைத்தால் மழைக்காலத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும், ஒரு கம்பில் செடிக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

போர்டு மேலே, சென்சார் கீழே. உறைபனி விழும் இரவில் தலை உயரத்தில் 3, 4 டிகிரி இருக்கும்போதே தரையை ஒட்டிய இலையில் பனி உறைந்திருக்கும், அதனால் சென்சார் முனை செடி உயரத்தில் இருக்க வேண்டும். இதற்காகவே நீள வயர் உள்ளதை வாங்கச் சொல்கிறேன். பெட்டிக்குள் பகலில் புகும் ஈரக்காற்று இரவில் நீராக வேர்க்கும், அதனால் அடியில் சின்ன ஓட்டை, வயர்களும் அடிப்பக்கமாகவே நுழையட்டும், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். எதற்கும் இணைக்காமல் விட்ட பின்னைப் புரோகிராமில் படிக்காதீர்கள், ஈரத்தில் அது இஷ்டத்துக்கு மாறும்.

சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, ஐஸை உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, முனையை நடுவில் பிடியுங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 வரவில்லை என்று சென்சாரைத் திருப்பி அனுப்பாதீர்கள், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றழுத்த சென்சார் வைத்தவர்களுக்கும் இதே கதைதான், 1013 ஹெக்டோபாஸ்கல் என்று எதிர்பார்த்த இடத்தில் 770-ஐ ஒட்டி வரும், அது சரியான எண்.

கடைசியாக, மோட்டாரைத் தானாக ஓட்ட நினைப்பவர்கள் புரோகிராமில் இந்த இரண்டு எண்களை ஒதுக்கியே ஆக வேண்டும். டிஎஸ்18பி20 மின்சாரம் வந்ததும், அளக்கும் முன்பே கேட்டால் 85 என்று சொல்லும், ஒரு தடவை அளந்து முடிக்க அதற்கு முக்கால் நொடி வேண்டும். வயர் அறுந்தால் ஆர்டுயினோவில் எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரி மைனஸ் 127 என்று தரும். காட்டெருமை மிதித்தாலும் பன்றி இழுத்தாலும் எலி கடித்தாலும் வரும் எண் அதுதான். "1 டிகிரிக்குக் கீழே போனால் மோட்டாரை ஓட்டு" என்று மட்டும் எழுதியிருந்தால், மைனஸ் 127-உம் 1-க்குக் கீழேதான், கிணறு காலியாகும்வரை மோட்டார் ஓடும். மைனஸ் 15-க்குக் கீழேயோ 50-க்கு மேலேயோ எது வந்தாலும் அதை வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளாமல், மோட்டாரை நிறுத்திவிட்டு "சென்சாரைப் பார்" என்று போனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.